யாழ்ப்பாணத்துக் காற்றும் மாரியும்

நூலிற் கற்ற பருவம் ஒன்றாகவும், வாசலிற் காணும் பருவம் வேறொன்றாகவும் அமைந்த ஊர்கள் உலகிற் பல. யாழ்ப்பாணப் பட்டினம் அவற்றுள் ஒன்று. தொல்காப்பியம் கூறும் பெரும்பொழுதுகளை உரையாசிரியர் ஆறாகக் கொண்டு, ஆவணியும் புரட்டாதியும் கார், ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர், மார்கழியும் தையும் முன்பனி, மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில், ஆனியும் ஆடியும் முதுவேனில் என மாதங்களை வகுத்தனர். இவ்வாய்பாட்டை மனனஞ் செய்யாத தமிழ் மாணவர் அரியர். ஆயினும், காருக்குரியதென அம்மாணவர் ஒப்புவிக்கும் ஆவணி மாதத்திலே யாழ்ப்பாணத்து நிலைமை யாது? நல்லூர்க் கந்தசுவாமி கோயில் வீதியில் மணல் கால்சுடக் காய்ந்து கிடக்கும். தோட்டக் கிணறுகளில் நீர் அடியை நோக்கி இறங்கியிருக்கும். வெறுந்தரையில் நின்ற புல் கருகி மண்ணோடு மண்ணாகியிருக்கும். கார் என்னும் பெயருக்கேற்ற கருமுகில் வந்து கூடுதற்குப் பின்னும் ஒன்றரைத் திங்கள் செல்லும்.

இதனால் உரையாசிரியர் பிழைபட்டார் என்பது பெறப்படாது. அவர்கள் கருத்திற் கொண்ட நிலம் மலையும் காடும் வயலும் அடுத்தடுத்து அமைந்த பெருநிலம். யாழ்ப்பாணமோ மலையும் ஆறும் இல்லாத, முப்புறமும் நீர் சூழ்ந்த சுண்ணாம்புத் தட்டு. மேனாட்டார் கூறும் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், பனிக்காலம் என்னும் நான்கு இந்நிலத்துக்கு இன்னும் சேய்மையானவை. இலங்கை வளிமண்டலவியல் திணைக்களம் ஆண்டை வேறொரு வகையால் நான்காகப் பகுக்கின்றது. மார்ச்சு, ஏப்பிரில் முதலாம் இடைப்பருவம். மே முதல் செத்தெம்பர் வரை தென்மேல் பருவப்பெயர்ச்சி. ஒற்றோபர், நவம்பர் இரண்டாம் இடைப்பருவம். திசெம்பர் முதல் பெப்புருவரி வரை வடகீழ்ப் பருவப்பெயர்ச்சி என்பன அவை. நாடு முழுமைக்கும் பொருந்த அமைத்த இப்பகுப்பு யாழ்ப்பாணத்துக்கு ஓரளவு பொருந்தும். எனினும், இவ்வூர் உழவரும் கடற்றொழிலாளரும் தமக்கென வைத்திருக்கும் கணக்கு இதனினும் எளியது. பல இடங்களில் இதனினும் நுட்பமானது. அவர்கள் ஆண்டைக் காற்றின் திசையாலும் கிணற்று நீரின் மட்டத்தாலும் அளக்கின்றனர்.

வெப்பத்தால் அளத்தல் இங்கு இயலாது என்பதை முதலில் நிறுவுதல் தகும். யாழ்ப்பாணம் மத்திய கோட்டுக்கு வடக்கே ஏறத்தாழ 9 பாகை 40 கலை தூரத்தில் உள்ளது. இங்கே மிகக் குளிர்ந்த மாதமாகிய தையில் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 25 அல்லது 26 சதமபாகை. மிக வெம்மையான சித்திரை, வைகாசியில் 29 அல்லது 30. ஆண்டு முழுவதற்கும் உள்ள வேறுபாடு நான்கைந்து பாகை மாத்திரமே. தில்லிப் பட்டினத்திலோ குளிர்மாதத்துக்கும் வேனில்மாதத்துக்கும் இடையே ஏறத்தாழ இருபது பாகை வேறுபாடு உண்டு. பகற்பொழுதின் நீட்சியும் இங்குப் பெரிதும் மாறுவதில்லை. ஆனி மாதத்து நெடும்பகலுக்கும் மார்கழிக் குறும்பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணித்தியாலத்துக்குச் சற்று மேற்பட்டதேயாம். ஆதலின், உடையை மாற்றியும் அடுப்பை மூட்டியும் பருவத்தை வரவேற்கும் வழக்கம் இவ்வூரில் இல்லை. தையில் முதியோர் தலையிற் சுற்றிக்கொள்ளும் துண்டு ஒன்றே இதற்குப் புறநடை.

சூரியனின் செலவை நோக்கினால் ஒரு புதுமை தோன்றும். சூரியன் இப்பட்டினத்தின் உச்சிக்கு ஆண்டில் இருமுறை வருகின்றது. முதல் வருகை ஏப்பிரில் நடுவில், சித்திரை வருடப்பிறப்பை ஒட்டி. இரண்டாம் வருகை ஓகத்து இறுதியில். அந்நாட்களில் நண்பகலில் நேராக நிற்கும் கொடிக்கம்பத்துக்கு நிழல் இல்லை. இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட நாட்களிலே சூரியன் வடபால் நிற்றலால் நண்பகல் நிழல் தெற்கு நோக்கி விழும். வெப்பம் சூரியனின் நிமிர்வால் மாத்திரம் ஆவதாயின் சித்திரையும் ஆவணியும் ஒரு தன்மையவாக இருத்தல் வேண்டும். அவ்வாறு இல்லை. சித்திரையில் இலை அசையாது. வீட்டுக்குள்ளும் வெளியிலும் புழுக்கம் ஒன்றே. ஆவணியிலோ வெயில் கடுமையாயினும் வேம்பின் நிழலில் அமர்ந்தார்க்கு உடல் ஆறும். சூரியன் அதே உச்சியில் நிற்க, இடையில் வந்து நிலைமையை மாற்றியது காற்று. யாழ்ப்பாணத்துப் பருவங்களை அறிய விரும்புவோர் வெப்பமானியை விட்டுக் காற்றைத் தொடர வேண்டும் என்பதற்கு இஃதொன்றே போதிய சான்று.

பழந்தமிழ் நூல்கள் கீழ்காற்றைக் கொண்டல் எனவும், தென்காற்றைத் தென்றல் எனவும், மேல்காற்றைக் கோடை எனவும், வடகாற்றை வாடை எனவும் வழங்கின. யாழ்ப்பாணத்தார் இவற்றுள் கொண்டலையும் வாடையையும் இன்றும் அப்பெயராலேயே வழங்குகின்றனர். கோடை என்னும் சொல் காற்றை விட்டு நீங்கி, மழையற்ற காலம் முழுவதற்கும் பெயராயிற்று. மேல்காற்றுக்குக் கச்சான் என்றும், தென்மேற்கிலிருந்து விடாது வீசும் பெருங்காற்றுக்குச் சோளகம் என்றும் பெயர். சோழகம் என எழுதுவாரும் உளர். இப்பெயர்கள் குறிக்கும் திசை கரைக்குக் கரை சிறிது மாறுபடும். காங்கேசன்துறையில் ஒருவர் வாடை என்பதை வேறொரு கரையார் கொண்டலோடு சேர்த்து எண்ணுதலும் கூடும். கச்சான் என்பது ஈழத்தில் நிலக்கடலைக்கும் பெயராதலின், நல்லூர்த் திருவிழாவுக்கு வந்த வெளியூரார் மேல்காற்றையும் கடலைக்காரியின் குரலையும் ஒரே சொல்லாற் கேட்டு மயங்குதல் உண்டு.

வைகாசி நடுவில் சோளகம் எழும். முதற் சில நாட்கள் விட்டுவிட்டு வீசிப் பின்னர் இரவு பகல் ஓயாது நிலைபெறும். ஏறத்தாழ நான்கு மாதம் யாழ்ப்பாணத்தின் அரசு இக்காற்றினுடையதே. பனையோலைகள் ஒருபுறமாகச் சாய்ந்து இரைந்தபடி நிற்கும். வீதிப் புழுதி எழுந்து வேலிக் கதிகால்களின் இலையிற் செம்மையாகப் படியும். கடனீரேரியில் அலை எழுந்து, குருநகர், பாசையூர்க் கரைகளைத் தாக்கும். அதே வேளையில், குடாநாட்டின் வடகரையாகிய வல்வெட்டித்துறையிலும் பருத்தித்துறையிலும் நிலம் காற்றைத் தடுத்து நிற்றலால் கரையோரக் கடல் ஒப்பீட்டளவில் அமைதியாக இருக்கும். வாடைக் காலத்தில் இந்நிலை தலைகீழாகும். ஒரு குடாநாட்டின் இரு கரைகளுக்கு இரு வேறு தொழிற்காலங்கள் அமைந்தமை இவ்வாறே. பாய்க்கப்பல்கள் ஓடிய நாளில் வடகரையார் வாணிகத்துக்கும் இக்காற்றுகளே அட்டவணை வகுத்தன. சோளகம் கப்பல்களை வடகிழக்கே பர்மாக் கரை நோக்கி உந்தும். வாடை அவற்றை மீளக் கொணரும். வல்வெட்டித்துறைக் கப்பலாகிய அன்னபூரணி 1938இல் அமெரிக்காவின் குளொஸ்ரர்த் துறைமுகத்தை அடைந்தது. அதனைச் செலுத்தியோர் காற்றைக் கணிக்கப் பழகியது இக்கரையிலேதான். 2014ஆம் ஆண்டு முதல் பளைப் பகுதியில் இக்காற்று மின் ஆலைகளைச் சுழற்றி வருகின்றது.

ஈண்டு ஓர் ஐயம் எழும். இதே தென்மேல் காற்றுத்தான் கொழும்பிலும் இரத்தினபுரியிலும் பெருமழை பொழிவிக்கின்றது. கடலைக் கடந்து ஈரம் சுமந்து வரும் அக்காற்று யாழ்ப்பாணத்தில் மாத்திரம் ஒரு துளியும் சிந்தாது செல்வது ஏன்? காற்றில் ஈரம் இல்லை என்பது விடையன்று. ஆனி, ஆடியில் துவைத்த துணி நிழலில் விரைந்து உலர்வது காற்றின் வேகத்தால், ஈரமின்மையால் அன்று. உண்மைக் காரணம் யாதெனின், ஈரக்காற்று மழையாதற்கு மேலெழுந்து குளிர வேண்டும். மலைநாட்டின் சரிவு அதனை மேலே ஏற்றுகின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் பெரும்பகுதியோ கடல்மட்டத்திலிருந்து பத்து மீற்றர் உயரத்துக்கு உட்பட்டது. ஏற்றிவிடுவார் இன்மையால், காற்று தான் கொணர்ந்த ஈரத்தைத் தானே சுமந்துகொண்டு பாக்கு நீரிணையைக் கடந்து போய்விடுகின்றது. ஆனி, ஆடி மாதங்களில் சராசரியாக மாதமொன்றுக்கு 25 மில்லிமீற்றர் மழையும் இங்கு வீழ்வதில்லை. சுமை இறக்காத வண்டி தம் வாசலால் நான்கு மாதம் போவதைப் பார்த்திருக்கும் நிலைமை இவ்வூராருடையது.

அவ்வாறு பார்த்திருப்போர் வாளாவிருப்பதும் இல்லை. ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் ஆக்குவர். பனம்பழம் விழத் தொடங்கும். அதனைப் பிழிந்து களியைப் பாயிற் பரப்பிப் பனாட்டு இடுதற்கு இக்காய்ச்சலும் இக்காற்றும் வேண்டும். மாரியில் அஃது இயலாது. ஆடி அமாவாசை கழிந்த ஆறாம் நாள் நல்லூரிற் கொடியேறி இருபத்தைந்து நாள் திருவிழா நிகழும். அங்கப்பிரதட்டை செய்வோர் மணல் வீதியில் உருளுதற்கும், அடியார் இரவிற் கோயில் வீதியிலேயே படுத்து உறங்குதற்கும் மழையற்ற இக்காலமே வாய்ப்பானது.

புரட்டாதியிற் சோளகம் தளரும். பிற்பகல்களில் வடமேற்கிலும் தெற்கிலும் முகில் திரண்டு, இடி முழங்கி, சில வேளை ஓர் ஊரில் பெய்து அடுத்த ஊரைத் தொடாது போகும். தரை வெப்பத்தால் காற்று நேரே மேலெழுதலால் ஆகும் மேற்காவுகை மழை இது. இக்காலத்து உழவர் செய்யும் செயல் வியக்கத்தக்கது. மழைக்கு முன்னரே நிலத்தைப் புழுதிபட உழுது, காய்ந்த மண்ணிலேயே நெல்லை விதைத்துவிடுவர். புழுதி விதைப்பு என்பது இதற்குப் பெயர். குளத்து நீர்ப்பாய்ச்சலும் ஆற்றுக் கால்வாயும் இல்லாத நாட்டில், வீழும் முதல் மழையின் ஒரு துளியும் வீணாகாதிருக்க வகுத்த முறை அது. மழை பத்து நாள் முந்தினால் உழவு தப்பும்; முதல் மழை பெய்தபின் நெடுநாள் நின்றுவிட்டால் முளைத்த பயிர் காயும். மொட்டைக்கறுப்பன் போன்ற பழைய நெல்லினங்கள் இச்சூதாட்டத்துக்குப் பழகியவை. இவ்வாறு விதைத்த பெரும்போகமே யாழ்ப்பாணத்தின் ஒரே நெற்போகம். வன்னியிற் குள நீரை நம்பிச் செய்யும் சிறுபோகம் இங்கு இல்லை.

ஐப்பசியில் மாரி தொடங்கும். ஆண்டில் வீழும் ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழையில் மூன்றில் இரண்டு பங்கு ஒற்றோபர், நவம்பர், திசெம்பர் ஆகிய மூன்று மாதங்களுக்குள் அடங்கிவிடும். மூன்றனுள்ளும் நவம்பரே தலைமாதம். பள்ளி நூல்கள் பல, வடகீழ்ப் பருவக்காற்றே யாழ்ப்பாணத்துக்கு மழை தருகின்றதென ஒரு வரியிற் கூறி அமையும். இது முற்றிலும் பொய்யன்று. ஆயினும் மாணவரை வழி தவறச் செய்வது. வடகீழ்க் காற்று உறுதியாக நிலைபெறுவது திசெம்பர், சனவரியில். மழையின் உச்சமோ அதற்கு முன்னரே வந்து போகின்றது. தையில் வாடை கடுமையாக வீசும் நாட்களில் வானம் பெரும்பாலும் வெளித்தே இருக்கும். ஆகவே காற்று வேறு, மழை வேறு எனப் பிரித்து நோக்குதல் வேண்டும்.

நிகழ்வது இது. வடகோளத்தின் காற்றும் தென்கோளத்தின் காற்றும் எதிர்ப்படும் இடத்தில் மேலெழும் முகில்வார் உலகைச் சுற்றிக் கிடக்கின்றது. அதனை அயன இடை ஒருங்கல் வலயம் என்பர். சூரியனைத் தொடர்ந்து அது வடக்கும் தெற்கும் பெயரும். வட இந்தியாவில் நின்ற அவ்வலயம் ஐப்பசியில் தெற்கே இறங்கி இலங்கையைக் கடக்கின்றது. அதே காலத்தில் வங்காள விரிகுடாவின் நீர் வெம்மையாக இருத்தலால் அங்கே தாழமுக்கங்கள் தோன்றி மேற்கு நோக்கி நகர்கின்றன. ஒரு தாழமுக்கம் அணுகினால் இரண்டு மூன்று நாள் வெயில் தோன்றாது; விட்டுவிட்டுப் பெய்யும் மழை ஒருநாளிற் பெருமழையாகி நூறு மில்லிமீற்றரையும் கடக்கும். பின்னர் நான்கு நாள் ஓய்வு, மீண்டும் ஒன்று. ஐப்பசியில் அடைமழை, கார்த்திகையிற் கனமழை என்னும் பழமொழி இவ்வொழுங்கைச் சொல்வதே. எத்தனை தாழமுக்கங்கள் இக்கரையை அணுகின என்பதைப் பொறுத்தே ஓர் ஆண்டின் மாரி நல்லதென்றும் பொய்த்ததென்றும் ஆகும். பருவக்காற்று ஆண்டுதோறும் தவறாது வரினும் மழை தவறுவதன் மருமம் இங்குள்ளது.

தாழமுக்கம் வலுத்தாற் சூறாவளியாகும். 1964ஆம் ஆண்டு திசெம்பர் 22, 23ஆம் நாட்களில் வட இலங்கையைக் கடந்து சென்ற சூறாவளி மன்னாரையும் வடகரையையும் தாக்கித் தனுக்கோடியை அழித்தது. 2008 நவம்பரில் ‘நிசா’ எனப் பெயரிய சூறாவளியால் குடாநாடு வெள்ளக்காடாயிற்று. 2020 திசெம்பரில் ‘புரெவி’ திருகோணமலைக்கு வடக்கே கரையேறியபோதும் யாழ்ப்பாணத்துத் தாழ்ந்த குடியிருப்புகள் நீரில் நின்றன. மழையின்றி வாடும் ஊரும் மழையால் மூழ்கும் ஊரும் ஒன்றேயாதல் வெளியார்க்கு வியப்பைத் தரும். நிலம் தட்டையானது, நீரைக் கொண்டு செல்ல ஆறு இல்லை. அளவெட்டிப் பக்கத்தில் தோன்றி அராலியருகே கடனீரேரியிற் கலக்கும் வழுக்கையாறு ஒன்றே ஆறெனப் பெயர் பெற்றது. அதுவும் மாரியில் மாத்திரம் ஓடுவது.

கார்த்திகை விளக்கீட்டன்று வாசலில் ஏற்றிய தீபம் மழையில் நனையாது காப்பது சிறுவர் தொழில். திருவெம்பாவைக் காலத்து விடியற்காலையில் மழை குறைந்து குளிர் தொடங்கும். மார்கழி கழியத் தையில் வாடை நிலைபெற்றதும் வடகரையில் பட்டங்கள் ஏறும். தைப்பொங்கலன்று வல்வெட்டித்துறைக் கடற்கரையில் நிகழும் பட்டப்போட்டி பெயர்போனது. பட்டத்திற் கட்டிய விண் இரவு முழுதும் கூவிக்கொண்டிருந்தால் வாடை தளரவில்லை என்பது பொருள். தைப்பனி தரையைத் துளைக்கும், மாசிப்பனி மச்சைத் துளைக்கும் என்னும் முதுமொழியும் பொருளற்ற மிகையன்று. முகில் அற்ற இரவில் நிலமும் கூரையும் தம் வெப்பத்தை வானுக்கு விடுத்துக் காற்றினும் குளிர்கின்றன. காற்றின் ஈரம் அவற்றின்மேற் பனித்துளியாகப் படிகின்றது. மாசியில் மழை ஓய்ந்து வானம் முற்றும் வெளித்தலால் பனி மிகுகின்றது. நெல் அறுவடையும், பனங்கிழங்கு கிளறுதலும், புகையிலைக் கன்றுக்கு நீர் இறைத்தலும் நிகழும் இவ்விரு மாதங்களே யாழ்ப்பாணத்தாரின் உடலுக்கும் மனத்துக்கும் உகந்தவை. வேற்றூர்களிலுள்ள உறவினரை ஊருக்கு அழைப்போர் இக்காலத்தைச் சொல்லி அழைத்தல் நன்று. அழைப்பதோ பெரும்பாலும் பாடசாலை விடுமுறையை நோக்கிச் சித்திரையிலும் ஆவணியிலும்.

பங்குனி, சித்திரை காற்றற்ற காலம். சித்திரையிற் சில பிற்பகல்களில் இடியோடு பெய்யும் மழையைச் சிறுமாரி என்பர். அது மாவுக்கும் தோட்டத்துக்கும் நன்று. உலர வைத்த ஒடியலுக்கும் புகையிலைக்கும் பகை.

இவ்வளவும் மேலே நிகழ்வன. யாழ்ப்பாணத்து ஆண்டின் மறுபாதி நிலத்தின் கீழே நிகழ்கின்றது. இலண்டன் மாநகரில் ஓராண்டில் வீழும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் வீழ்வது அதன் இருமடங்கு. எனினும் இலண்டனை வறண்ட நகரென்பார் இலர். யாழ்ப்பாணத்தை வறள் வலயத்தில் வைக்காதார் இலர். இங்கு வெயிலும் காற்றும் சேர்ந்து ஆவியாக்கத்தக்க நீரின் அளவு ஆண்டு மழையினும் மிகுதி. மூன்று மாதத்திற் பெற்றதைக் கொண்டு ஒன்பது மாதம் வாழ வேண்டும். மலைநாட்டில் ஓடையும் வன்னியிற் குளமும் செய்யும் சேமிப்பைக் குடாநாட்டிற் செய்வது மயோசீன் காலத்துச் சுண்ணாம்புக் கல். வெடிப்பும் குகையும் நிறைந்த அக்கல் மழைநீரைத் தன்னுள் இறங்கவிட்டு வைத்துக்கொள்கின்றது.

அங்கே நீர் நிற்கும் முறை அறியத்தக்கது. குடாநாட்டின் அடியிற் கடல்நீரும் கல்லினூடே புகுந்துள்ளது. மழைநீர் கடல்நீரினும் எடை குறைந்ததாகையால் அதன்மேல் மிதக்கின்றது. நடுவில் தடித்தும் கரையை நோக்கி மெலிந்தும் ஒரு வில்லையின் வடிவிற் கிடக்கின்றது. கைபன், எர்ச்பேக்கு என்னும் ஐரோப்பிய அறிஞர் இருவர் வெவ்வேறாகக் கண்டறிந்த கணக்கின்படி, நன்னீர் கடல்மட்டத்துக்குமேல் ஓர் அடி நின்றால், அதன் கீழே நாற்பது அடி ஆழம் வரை நன்னீர் இருக்கும். இக்கணக்கின் மறுபக்கம் அச்சந் தருவது. மேலே ஓர் அடி நீரை இறைத்துக் குறைத்தால், நாளடைவிற் கீழேயுள்ள உவர்நீர் நாற்பது அடி மேலெழும். புத்தூரை அடுத்த நிலாவரைக் கிணற்றில் இவ்வமைப்பைக் கண்கூடாகக் காணலாம். இராமபிரான் அம்பூன்றித் தோற்றியதெனவும் அடியற்றதெனவும் மக்கள் போற்றும் அக்கிணற்றில் மேல்நீர் நன்னீர், ஆழ்நீர் உவர்.

துலா மிதித்து இறைத்த காலத்தில் மனிதரின் களைப்பே கிணற்றுக்குக் காவலாயிருந்தது. ஒரு நாளில் இருவர் இறைக்கக்கூடிய நீருக்கு எல்லை உண்டு. இறைப்பு இயந்திரம் வந்தபின் அவ்வெல்லை நீங்கியது, சோளக காலத்தில் வெங்காயமும் மிளகாயும் பயிரிட முடிந்தது, செல்வம் பெருகியது. அதனைக் குறைகூறுதல் நன்றியின்மையாகும். ஆயினும் கரையோரக் கிணறுகள் பல ஆடி, ஆவணியில் உவர்த்தலும், இட்ட உரமும் மலக்குழிக் கசிவும் கல்லின் வெடிப்பால் இறங்கிக் குடிநீரில் நைத்திரேற்றைப் பெருக்குதலும் ஆய்வாளர் பலகாலும் எடுத்துக்காட்டிய உண்மைகள். நீரை வடிகட்ட மண் மெலிது, கல்லோ வடிகட்டுவதன்று.

பட்டினத்தில் இப்பொருள் இன்னும் நெருக்கமானது. பழைய யாழ்ப்பாணத்தார் குளங்களையும் கேணிகளையும் நெருங்க நெருங்க வெட்டி, மழை வெள்ளம் ஒன்றிலிருந்து ஒன்றுக்குச் செல்ல வாய்க்கால் வகுத்தனர். ஆரியகுளமும் புல்லுக்குளமும் அழகுக்காகத் தோண்டப்பட்டனவல்ல; நிலத்தடி நீருக்கு அவை வாயில்கள். அவ்வாயில்களுட் பல தூர்ந்தும் கட்டடத்தால் மூடப்பட்டும் போயின. வீட்டு முற்றங்கள் மணலாயிருந்தது மாறிச் சீமெந்தாயின. கார்த்திகையிற் பெய்யும் மழை இறங்க இடமின்றி வீதியில் நின்று, பின்னர் வடிகாலால் கடனீரேரிக்குப் போகின்றது. வெள்ளத்தை விரைந்து கடலுக்கு வெளியேற்றியதைச் சாதனையாகக் கொள்ளும் ஊரார், அதே நீரையே ஆவணியிற் குழாயிலும் வண்டியிலும் எதிர்பார்த்து நிற்கின்றனர் என்பதை எண்ணுவதில்லை. பொறியியலாளர் ஆறுமுகம் 1954இல் முன்வைத்த ‘யாழ்ப்பாணத்துக்கு ஓர் ஆறு’ என்னும் திட்டம், ஆனையிறவுக் கடனீரேரியை நன்னீராக்கி அந்நீரைக் குடாநாட்டுள் செலுத்த எண்ணியது. அதன் பகுதிகள் தொடங்கப்பட்டும் திட்டம் முழுமை பெறவில்லை. 2024இல் தாளையடியிற் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. அது குடிநீர்க் குறையைத் தணிக்கும். தோட்டத்துக்குப் பாய்ச்சுதற்கு அந்நீர் விலை மிக்கது. தோட்டம் இன்றும் மாரியையும் கிணற்றையுமே நம்பியிருக்கின்றது. கடல்மட்டம் உலகெங்கும் உயர்ந்து வருதலால், வில்லையின் அடியிலுள்ள உவர்நீரும் சற்றே மேலெழத்தான் செய்யும்.

கீரிமலையில் ஆடி அமாவாசையன்று பிதிர்க்கடன் செய்வோர் கடலிலும் கேணியிலும் நீராடுவர். குடாநாடு முழுதும் மழை கண்டு பல மாதம் கழிந்திருக்கும். சோளகம் முழு வேகத்தில் வீசும். கேணிக்கும் கடலுக்கும் இடையே ஒரு சுவர்தான். ஆயினும் கேணியில் நன்னீர் ஊறிக்கொண்டே இருக்கும். முன்னைய மாரிகளில் உள்ளூர்ச் செம்மண்ணில் வீழ்ந்து, கல்லின் இடுக்குகளால் மெல்ல நடந்து, அன்றுதான் கடலண்டை வந்து சேர்ந்த மழை அது.